எந்தச் சத்தம் கேட்டாலும்

நீங்களும் ராத்திரியில் பல்லைக் கடிக்கிறவர்தான், மேடம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தொழில் பழக்கம். காதுக்குக் கீழே, தாடை திரும்பும் இடத்தில் உங்களுக்கு ஒரு தசை கொட்டைப்பாக்கு அளவுக்குத் திரண்டு நிற்கிறது. நான் உள்ளே வந்ததிலிருந்து அது பலமுறை எழும்பி அடங்கிவிட்டது. காலையில் எழுந்ததும் நெற்றிப்பொட்டில் வலி இருக்கும். உங்கள் வீட்டுக்காரர் கேலி செய்திருப்பார், நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். பல்லைக் கடிக்கிறவர்களுக்குத் தாங்கள் கடிப்பது தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவர்களுக்குத்தான் தண்டனை.

நான் நடந்துகொண்டே பேசலாமா? ஒரே இடத்தில் உட்கார்ந்தால் என் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். பிறகு மேசை ஆடும், நீங்கள் எழுதுவது கோணலாகப் போகும். அப்புறம் வாசலில் நிற்கும் காவலரிடம் அந்தப் பேனாவை டக் டக் என்று அமுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நன்றி.

வக்கீல் வரட்டும் என்றீர்கள். தேவையில்லை. எந்தப் பிரிவில் என்னைப் போடுவது என்று நீங்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்வது தெரிகிறது. அதற்கு என்னால் உதவ முடியாது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் வேலை ஹிப்னோதெரபி. ஒரு பல் கிளினிக்கின் பின்பக்க அறையில் பார்க்கிறேன். முன்பு எக்ஸ்ரே எடுத்த அறை, ஜன்னல் கிடையாது. ஒரு சாய்வு நாற்காலி, எனக்கு ஒரு ஸ்டூல், மஞ்சள் விளக்கு ஒன்று. பல் டாக்டர் முதலில் ராத்திரி மாட்டிக்கொள்ளப் பல்லுக்கு உறை செய்து கொடுப்பார். அந்த உறையையும் கடித்துக் குதறுகிறவர்களை என்னிடம் அனுப்புவார். "பல்ல நான் பாத்துக்கறேன், அதுக்குப் பின்னால இருக்கிற ஆள நீங்க பாருங்க" என்பார். வருகிறவர்கள் நான் சங்கிலியில் கடிகாரத்தைக் கட்டி ஆட்டுவேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் சாதாரணமாகப் பேச ஆரம்பித்ததும் அவர்கள் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும். வங்கி காசாளர் ஒருவர் வெளிப்படையாகவே கேட்டுவிட்டார், இதற்கா இவ்வளவு ஃபீஸ் என்று. அடுத்த நிமிடம் குறட்டை விட்டார்.

பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. மூச்சைக் கவனிக்கச் சொல்வேன். படிப்படியாகக் கீழே இறங்கச் சொல்வேன். உதடு சேர்ந்திருக்கட்டும், பல் பிரிந்திருக்கட்டும், நாக்கு மேலண்ணத்தில் ஓய்வாகக் கிடக்கட்டும் என்பேன். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னால் தூக்கத்திலும் தாடைக்கு அது நினைவிருக்கும். யாரையும் அவர்களுக்குப் பிடிக்காத காரியத்தைச் செய்யவைக்க என்னால் முடியாது. எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள், நீங்களும் கேட்டீர்கள். செய்துகொண்டிருப்பதை விடவைக்கத்தான் எனக்குத் தெரியும்.

ஒரே தொல்லை, பக்கத்து அறையின் சத்தம். டாக்டர் பல்லைக் குடைகிற மெஷினைப் போட்டால் சுவரே கூசும். கண்ணை மூடிக் கிடக்கிற ஆள் துள்ளி எழுந்துவிடுவார். அதற்கு எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்கிற ஒரு வரி இருக்கிறது. 'எந்தச் சத்தம் கேட்டாலும் அது உங்களை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோகும்.' சத்தத்தோடு சண்டை போடாமல் அதையே வேலைக்கு வைத்துக்கொள்வது. இதைச் சொன்ன பிறகு மெஷின் ஓட ஓட அந்த ஆளின் தோள் தளரும். எனக்கு அந்த வரி மிகவும் பிடிக்கும்.

இனி அக்கா. அவளுக்கும் எனக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். நான் பிறந்த கொஞ்ச நாளில் அம்மா போய்விட்டாள். அப்பாவுக்கு ஆலையில் ஷிஃப்ட் வேலை, வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்குவார், அதிகம் பேச மாட்டார். என்னைக் குளிப்பாட்டியது, தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது எல்லாம் அக்காதான். இன்றுவரை என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். எனக்குத் தலையில் பாதி நரைத்துவிட்டது. கடையில் நின்றுகொண்டு "பாப்பா, அந்தக் கூடைய எடு" என்று அவள் சொன்னால், அக்கம்பக்கத்தில் நிற்பவர்கள் குனிந்து ஒரு குழந்தையைத் தேடுவார்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் அக்காவுக்கு வேலை. ஆளைப் பார்த்ததுமே எந்த ஃபிரேம் பொருந்தும் என்று சொல்லிவிடுவாள். கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவள், கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன இடத்தில் சொல்லிக்கொடுத்தவரையே கட்டிக்கொண்டாள். அத்தானுக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இடது கை மோதிரத்தால் டேஷ்போர்டில் தட்டுவாராம். ஒரு தட்டு என்றால் வேகத்தைக் குறை. இரண்டு என்றால் பிரேக். "மூணு தட்டினா, நான் குதிச்சிட்டேன்னு அர்த்தம், நீங்க தனியா ஓட்டிக்கங்க" என்று முதல் நாளே சொன்னாராம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலச் சிரிக்க வேண்டியிருக்கும்.

அத்தான் நல்லவர். அதை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கும் அவருக்கும் எந்தச் சண்டையும் இல்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததும் எனக்கு மந்திரவாதி என்று பேர் வைத்தார். "வாங்க மந்திரவாதி, உங்க அக்காவ மயக்கி ஒரு சினிமாவுக்கு அனுப்பி வைங்க, நான் நிம்மதியா கிரிக்கெட் பாக்கணும்" என்பார்.

பிறகு ஒருநாள் அவருக்கு மூளையில் ரத்தம் உறைந்து, வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. குரல் எழும்பாது. வாயருகே காதை வைத்தால்தான் என்ன சொல்கிறார் என்று பிடிபடும். தொண்டையில் சளி தேங்கும், அதை இருமி வெளியே தள்ள அவருக்குப் பலம் இல்லை. சின்ன மெஷின் ஒன்றில் குழாய் விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மூச்சு அடைத்துவிடும். ஒரு ராத்திரிக்குள் பலமுறை தேவைப்படும்.

அவருக்கு மிஞ்சியது இடது கை. அந்த மோதிரத்தால் கட்டிலின் ஸ்டீல் கம்பியில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு என்றால் புரட்டிப் படுக்கவை, மூன்று என்றால் தொண்டை. அவர்களாகவே ஏற்படுத்திக்கொண்டது. பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டிலில் அக்கா. மூன்றாவது தட்டு விழும் முன்னே அவள் எழுந்து மெஷின் சுவிட்சைப் போட்டிருப்பாள். கடை வேலையை விட்டாள். தலைக்குச் சாயம் போடுவதை விட்டாள். நான் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அவர்கள் ஹாலில் வந்து படுத்துக்கொண்டேன். ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் அல்லவா?

அங்கேதான் நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அக்கா பல்லைக் கடிக்கும் சத்தம். காய்ந்த கல்லின் மேல் கல்லை வைத்துத் திருகுவது போல இருக்கும். கொஞ்ச நேரம் திருகும், நிற்கும், அடுத்தது எப்போது என்று காத்திருக்க வைக்கும். நடுவில் கம்பியில் தட்டல். பிறகு மெஷின். பிறகு மறுபடி பல். நான் சோபாவில் புரண்டு புரண்டு படுப்பேன். எழுந்து சமையலறைக்குப் போவேன், தண்ணீர் குடிப்பேன், ஜன்னலைத் திறப்பேன், மூடுவேன். காதில் பஞ்சு வைத்தால் பஞ்சுக்குள்ளேயே அது கேட்டது. பகலில் கிளினிக்கில் எல்லோருக்கும் தூக்கத்தை விற்றுவிட்டு, ராத்திரி நான் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன்.

ராத்திரிக்கு நர்ஸ் வைக்கலாம் என்றேன். வேண்டாம் என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருநாள் அவளை வம்படியாக ஹாலில் தள்ளிவிட்டு மடக்குக் கட்டிலில் படுத்தேன். அத்தான் தட்டினார். உடனே எழுந்தேன், குழாயைச் சரியாகவே வைத்தேன். ஆனால் அவர் கண் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தது. திரும்பினால் அங்கே அக்கா நிற்கிறாள். "நீ போய்ப் படு பாப்பா, இவரு தட்டுறது எனக்குத்தான் சட்டுனு புரியும்" என்றாள். நான் போய்ப் படுத்துக்கொண்டேன். வருத்தமாகத்தான் இருந்தது.

அவள் கடைவாய்ப்பல் ஒன்று தூக்கத்திலேயே இரண்டாகப் பிளந்தது. எங்கள் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் விளக்கைத் திருப்பி, வாய்க்குள் கண்ணாடியை விட்டு நீண்ட நேரம் பார்த்தார். "இது இப்ப ரெண்டு வருஷத்துல வந்த தேய்மானம் இல்ல. ரொம்ப சின்ன வயசிலேயே ஆரம்பிச்சிருக்கணும்" என்றார். டாக்டர்கள் எதையாவது சொல்வார்கள். உறை செய்து கொடுத்தார். ஒரு மாதத்தில் அக்கா அதில் ஓட்டை போட்டுவிட்டாள். "எலி வளக்கறீங்களா வீட்டுல" என்று கேட்டுவிட்டு டாக்டர் என்னைப் பார்த்தார்.

அப்படித்தான் அக்கா என்னிடம் வந்தாள். நானாக இழுக்கவில்லை. "என் வாய நீதான் சரி பண்ணணும் பாப்பா" என்றாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வாழ்நாள் முழுக்க அவள்தான் எனக்குச் செய்திருக்கிறாள். அவள் என்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

அத்தானை விட்டு அவளால் வெளியே வர முடியாது, அதனால் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். அவர் அறைக்கு அடுத்த சின்ன அறையில், கதவைத் திறந்து வைத்து. அக்கா சீக்கிரம் ஆழத்துக்குப் போகிறவள். களைத்துப் போனவர்கள் அப்படித்தான். ஆழத்தில் இருக்கும்போது, எப்போதிலிருந்து பல்லைக் கடிக்கிறாய் என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. அவள் ஏதோ சொன்னாள். அது இதற்குச் சம்பந்தமில்லாதது, வேண்டுமானால் பிறகு சொல்கிறேன்.

அந்த நேரம் பார்த்து அடுத்த அறையில் அத்தான் தட்டினார். தண்ணீர்தான், ஒரே ஒரு தட்டு. அக்கா கண்ணைத் திறந்து, என்னைத் தள்ளாத குறையாக எழுந்து ஓடினாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது தாடை பழையபடி இறுகியிருந்தது. நான் செய்ததெல்லாம் பாழ். அடுத்த நாளும் அதே கதை. மூன்றாவது நாள் நான் எங்கள் வரியைச் சொன்னேன். எந்தச் சத்தம் கேட்டாலும், அத்தான் மோதிரத்தால் தட்டினாலும், அது உன்னை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோகும். அத்தான் தட்டினார். அக்கா அசையவில்லை. வாய் லேசாகத் திறந்து, கன்னமெல்லாம் தளர்ந்தது. அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. மெதுவாக எழுந்துபோய் அத்தானுக்கு நானே தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதில் எந்த இடத்தில் நான் தப்பு செய்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த வரியை வெளியே வரும்போது கழற்ற வேண்டும். மாடியிலிருந்து இறங்கினால் விளக்கை அணைப்பது மாதிரி, அது ஒரு பழக்கம். 'கண் திறந்ததும் எல்லாச் சத்தமும் பழையபடி' என்று சொல்லித்தான் ஆளை எழுப்ப வேண்டும். கிளினிக்கில் ஒரு தடவைகூட நான் அதை விட்டதில்லை. அன்று விட்டுவிட்டேன். முதல் தடவை மறதிதான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் மறந்துவிட்டேன்.

அன்று ராத்திரி பல் சத்தம் இல்லை. அத்தான் மூன்று தட்டினார். அக்கா எழுந்திருக்கவில்லை. மறுபடி தட்டினார். நான் ஓடிப்போய் மெஷினைப் போட்டேன். முகம் நீலம் பாரிக்க ஆரம்பித்திருந்தது. அவ்வளவு கலவரத்திலும் அக்கா பக்கத்தில் தூங்கினாள். காலையில் அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. "எவ்வளவு நாளாச்சு பாப்பா இப்படித் தூங்கி, உன் கையில என்னமோ இருக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படிச் சொல்கிறவளிடம் எப்படிச் சொல்வது?

அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் அத்தான் பார்த்துவிட்டார். மனுஷன் முப்பது வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, யார் கண் எங்கே போகிறது என்று கவனித்தவர். அக்கா குளிக்கப் போயிருந்தபோது என்னைக் கண்ணால் கூப்பிட்டார். குனிந்தேன். ஒவ்வொரு சொல்லாக இழுத்து, "மந்திரவாதி, அக்காவ எழுப்பி விட்டுடு" என்றார்.

"குளிச்சிட்டு இருக்கா அத்தான், வந்துடுவா" என்றேன்.

அவர் தலையை அசைத்தார். "அது இல்ல" என்றார். "நான் தட்டினா, அவ தூங்குறா."

"சரி அத்தான், பாக்கறேன்" என்றேன். அவர் சிரித்தார். பாதி வாய்தான் சிரிக்கும். என்னை நம்பினார் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கே கழற்றியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. அக்காவை உட்காரவைத்தேன், அந்த எண்ணத்தோடுதான் உட்காரவைத்தேன். அவள் கண் மூடியதும் அந்த முகம் வந்துவிட்டது. கழற்றினால் ராத்திரி மறுபடி கல் திருகும். மறுபடி அவள் எழுந்து ஓடுவாள். எனக்கு அதைத் தாங்க முடியாது என்று தோன்றியது. அக்காவுக்குத் தாங்க முடியாது, அதைத்தான் சொல்ல வந்தேன். எனவே கழற்றவில்லை. அத்தான் ஸ்பூனால் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். ஸ்பூனையும் சேர்த்துச் சொன்னேன். விரல் நகத்தால் தட்டினார். அதையும் சொன்னேன். எவ்வளவு அதிகமாகத் தட்டுகிறாரோ அவ்வளவு ஆழம் என்று சொன்னேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

ராத்திரிகளில் அவர் தட்டினால் நான்தான் எழுந்து போவேன். கொஞ்ச நாள் அப்படி ஓடியது. அக்காவுக்கு முகத்தில் களை வந்தது. தலைக்குச் சாயம் போட்டாள். கடையில் பகுதி நேரம் வரச் சொல்கிறார்கள் என்றாள். டாக்டர் புதிய உறையைப் பார்த்து ஒரு கீறல்கூட இல்லை என்று ஆச்சரியப்பட்டார், வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொன்னார். அத்தான் மட்டும் தூங்கவில்லை. பகலில் அக்கா விழித்திருக்கும்போது தூங்கிவிட்டு, ராத்திரி முழுக்கக் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். அக்காவிடம் சொல்லியும் பார்த்தார். அவள் குனிந்து கேட்டுவிட்டு, "நான் எழுந்திருக்கலையாம், கனவு கண்டிருக்காரு பாவம், மெஷின் ஜாடி நிறைஞ்சிருக்கே, நைட்டெல்லாம் ஓடியிருக்கே" என்றாள். ஓட்டியது நான் என்று அவளுக்குத் தெரியாது, தூக்கக் கலக்கத்தில் தானே ஓட்டியதாக நினைத்துக்கொண்டாள்.

எனக்குத் தூக்கம் வந்ததா என்றால், இல்லை. பல் சத்தம் போன இடத்தில் தட்டல் மட்டும் தனியாக, இன்னும் தெளிவாகக் கேட்டது. அவர் தட்டாத நேரத்தில் தட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். கிளினிக்கில் ஒருவரைப் படியில் இறக்கிக்கொண்டிருக்கும்போதே எனக்கு வார்த்தை மறந்துபோனது. குளியலறைக் குழாய் சொட்டினால் எழுந்து நின்றேன்.

அந்த ராத்திரிக்கு வருகிறேன். நீங்கள் பேனாவை எடுத்துவிட்டீர்கள்.

மூன்று தட்டு. நான் சோபாவில் இருந்தேன். எழுந்திருக்கப் போனேன், இது உண்மை, கால் தரையில் இருந்தது. அப்போது எனக்கு ஒரு நினைப்பு வந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அக்கா இன்னும் கீழே போகிறாள். இன்னும் நிம்மதியாக. நான் போய் நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். மறுபடி மூன்று. மறுபடி. பிறகு எண்ணிக்கை இல்லாமல், மோதிரம், ஸ்பூன், கைக்கு எது கிடைத்ததோ அதால். கதவு திறந்தேதான் இருந்தது. ஏழெட்டு அடி நடந்தால் போதும். நான் காலைத் தூக்கிச் சோபாவில் வைத்துக்கொண்டேன். போர்வையை இழுத்துக்கொண்டேன். கடைசியில் இரண்டு தட்டு கேட்டது. இரண்டு என்றால் பிரேக்.

அதன் பிறகு வீடு அமைதியாக இருந்தது. நான் தூங்கினேன், மேடம். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அன்றுதான் தூங்கினேன். காலையில் அக்கா அலறியதுதான் என்னை எழுப்பியது.

எல்லோரும் எதிர்பார்த்திருந்த சாவு. வந்த டாக்டர் அதிகம் கேட்கவில்லை. அக்கா மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். "நான் எப்படிப் பாப்பா தூங்கினேன்? பக்கத்துலயே கிடந்து எப்படித் தூங்கினேன்?" தலையில் அடித்துக்கொண்டாள். "உன் தப்பு இல்லக்கா" என்றேன். அதைவிட உண்மையாக யாரும் அவளிடம் சொல்லியிருக்க முடியாது. மடியில் படுக்கவைத்துத் தலையைத் தடவிக்கொடுத்தேன். சின்ன வயதில் அவள் எனக்குச் செய்தது. இனி நாம் இரண்டு பேரும் ஒரு சின்ன வீடாகப் பார்த்துப் போய்விடலாம் என்றேன். திரைச்சீலைக்கு நீலம் நன்றாக இருக்கும் என்று மனதில் முடிவே செய்துவிட்டேன். கட்டிலை விற்க ஆள் தேடினேன். அவசரப்பட்டது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மாட்டிக்கொண்டது எங்கள் பல் டாக்டரால். அவர் மேல் தப்பு இல்லை. அக்காவுக்குப் பிளந்த பல்லில் மறுபடி வலி. எந்தப் பல்லில் வலி என்று கண்டுபிடிக்க டாக்டர்கள் வாய்க்குள் விடுகிற கண்ணாடிக் கரண்டியின் காம்பால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்ப்பார்கள். அத்தனை வருஷம் அந்தக் கிளினிக்கில் இருந்தும் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அவர் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. அக்கா நாற்காலியில் அப்படியே தூங்கிப்போனாள். டாக்டர் அவளை எழுப்பிவிட்டு, சிரித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "இங்க பாருங்க, உங்க அக்கா மாதிரி பேஷன்ட் கிடைச்சா நான் மரத்துப்போற ஊசியே வாங்க வேண்டாம். ரெண்டு தட்டுத் தட்டினேன், ஆள் அவுட்."

அக்கா வாயில் வைத்த பஞ்சோடு என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, பக்கத்துத் தட்டில் இருந்த கரண்டியை எடுத்து, நாற்காலிக் கம்பியில் தானே தட்டினாள். மூன்றாவது தட்டில் கண் சொருகியது. கரண்டி கீழே விழுந்தது. அந்தச் சத்தத்தில் டாக்டர்தான் பயந்துபோய் அவளை உலுக்கி எழுப்பினார்.

வெளியே நடைபாதையில் வைத்துக் கேட்டாள். "என்ன பாப்பா சொன்ன எனக்கு?"

"எல்லாருக்கும் சொல்ற வரிதான்க்கா" என்றேன்.

"அவரு தட்டினது உனக்குக் கேட்டுச்சா?"

நான் பொய் சொல்லவில்லை. அக்காவிடம் நான் பொய் சொன்னதில்லை. கேட்டது என்றேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். பஞ்சை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள், பையை எடுத்துக்கொண்டாள், நேராக உங்களிடம் வந்துவிட்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தானைக் கொன்றது நான்தான். எழுந்து போகாததால் மட்டும் இல்லை, அவரைக் காப்பாற்றக் கூடியவளை அவரைக்கொண்டே தூங்கவைத்ததால். இதை இதே வார்த்தையில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அக்காவுக்காகச் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவளை அரித்துத் தின்றுகொண்டிருந்ததை நான் எடுத்தேன்.

அவள் ஆழத்தில் இருந்து சொன்ன பதிலைக் கேட்கிறீர்கள். சம்பந்தமில்லை என்றேனே. சரி. எப்போதிலிருந்து பல்லைக் கடிக்கிறாய் என்று கேட்டேன். அக்கா சின்னப் பெண் குரலில், "நான் தூங்கக் கூடாது. பாப்பா எந்திரிச்சு அழுதா அப்பா முழிச்சிருவாரு. முழிச்சா பாப்பாவ அடிப்பாரு. அவ அழறதுக்குள்ள நான் தூக்கிடணும்" என்றாள். அவ்வளவுதான். ஆழத்தில் ஆட்கள் முன்னுக்குப் பின் குழப்பிப் பேசுவார்கள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அத்தான் படுத்த பிறகுதானே நான் அந்த வீட்டுக்கு வந்தேன். சத்தத்தை நான் கேட்டதே அப்போதுதானே.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. அக்கா அவளுடைய கண்ணாடிக் கடைத் தோழி வீட்டில் இருக்கிறாள் என்றும், ராத்திரியெல்லாம் பக்கத்து அறைவரை கேட்கும்படி மறுபடி பல்லைக் கடிக்கிறாள் என்றும் காலையில் சொன்னீர்கள். அத்தான் இல்லை. கட்டில் இல்லை. தட்ட யாரும் இல்லை. பிறகு எதற்காகக் கடிக்கிறாள்? நான் எதையோ சரியாகக் கழற்றாமல் விட்டிருக்கிறேன். அவளை ஒரே ஒரு தடவை இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள், மேடம். நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். இந்த நாற்காலி போதும், விளக்கை மட்டும் கொஞ்சம் குறைத்தால் நல்லது. பத்து நிமிடத்தில் அவளை நான் தூங்கவைத்துவிடுகிறேன்.